ரெகொபோத்துக்கு முன்னால் இரண்டு கிணறு

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

புது வீட்டு வாசலில் பதிக்க வேதாகமத்தில் வருகிற ஊர்ப்பேர் ஒன்று வேண்டும், பெத்தேல், எபெனேசர், ரெகொபோத் மூன்றில் எது என்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால்தான் கடிதம்.

பெத்தேல் நல்ல பேர்தான். பெத் என்றால் வீடு, ஏல் என்றால் தேவன். நம் பக்கத்து ஊர்ப்பேர்கள் விளை, குளம், குடி என்று முடிகிற மாதிரி, எபிரெயத்தில் அந்தச் சொல்லை முன்னால் வைத்துவிடுகிறார்கள். பெத்லெகேம் அப்பத்தின் வீடு. பெத்பகே அத்திப் பிஞ்சு வீடு. பெயெர் என்று தொடங்கினால் கிணறு, என் என்று தொடங்கினால் ஊற்று. என்கேதி வெள்ளாட்டுக்குட்டியின் ஊற்று. பாதிப் பேர்கள் இப்படித்தான், ஆடு மேய்க்கிறவனும் தண்ணீர் தேடுகிறவனும் வைத்தவை. ரூத்தின் கதை பெத்லெகேமில் பஞ்சம் வந்ததில் தொடங்குகிறதே, எபிரெயம் தெரிந்தவன் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்பான். அப்பத்தின் வீட்டில் அப்பம் இல்லை!

யாக்கோபு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து எழுந்து பெத்தேல் என்று பேரிடுவதற்கு முன்னால், அந்த ஊருக்குப் பேர் லூஸ். லூஸ் என்றால் வாதுமை மரம். நம் பக்கத்துச் சாண்பத்து ஊர் நாசரேத் ஆன கதையை நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய், அது மாதிரி வைத்துக்கொள். ஆனால் யெரொபெயாம் ராஜா அங்கே பொன் கன்றுக்குட்டியை நிறுத்திய பிறகு, ஓசியா தீர்க்கதரிசி அந்த ஊரைப் பெத்தாவேன் என்றே சொல்ல ஆரம்பித்தார். அக்கிரமத்தின் வீடு. இரண்டு எழுத்தில் ஊரின் மானத்தை வாங்கிவிட்டார். இதைப் படித்ததிலிருந்து யார் வீட்டு வாசலில் பெத்தேல் என்று பார்த்தாலும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வருகிறது. என்ன செய்ய!

எபெனேசர் உதவியின் கல். நம் ஆட்களில் தெருவுக்கு இரண்டு எபெனேசர் இருப்பான், வீட்டுக்கும் அதே பேர். சாமுவேல் கல்லை நிறுத்தி "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்றது எல்லாருக்கும் தெரியும். அது முதலாம் சாமுவேல் 7ஆம் அதிகாரம். 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். இஸ்ரவேலர் பெலிஸ்தரோடு போருக்குப் பாளயமிறங்கி முதலில் 4,000 பேரும் அப்புறம் 30,000 பேரும் மடிந்து, உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்தார்களே, அந்த இடத்துக்கும் எபெனேசர் என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே இடமா என்று வாதம் உண்டு. வாசிக்கிறவன் காதில் ஒன்றாகத்தான் விழுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேதம் சொல்கிற பேர்க்காரணமும் மொழி படித்தவர்கள் சொல்கிற வேர்ச்சொல்லும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பாபேல் என்பதை ஆதியாகமம் பாலல், அதாவது தாறுமாறாக்குதல், என்ற சொல்லோடு சேர்க்கிறது. பாபிலோன்காரன் தன் ஊரைத் தேவனின் வாசல் என்ற பொருளில் சொன்னான். பெயெர்செபாவில் செபா என்பது ஏழு என்றும் படும், ஆணை என்றும் படும். ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியாக நிறுத்தி அங்கே ஆணையிட்டதாக ஒரு கதை. அவன் மகன் ஈசாக்கின் காலத்தில் அதே பேருக்கு இன்னொரு கதை. ஒன்று சரி, மற்றது தப்பு என்று நான் பார்க்கமாட்டேன். பேர் பழையது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு நடந்ததை அதில் கேட்டிருக்கிறது.

கடைசியாக ரெகொபோத். உனக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்று தெரியும். விசாலம் என்று பொருள். இன்றைய எபிரெயத்தில் தெருவுக்கு ரெகோவ் என்கிறார்கள், அதுவும் இதே வேர்தான். இஸ்ரவேலில் 1890இல் உண்டாக்கிய ஓர் ஊருக்கும் இந்தப் பேரையே வைத்தார்கள்.

ஆனால் ஆதியாகமம் 26ஐ முழுதாகப் படி. ஈசாக்கு முதலில் தன் தகப்பன் வெட்டி, பெலிஸ்தர் மண் போட்டு மூடிவிட்ட துரவுகளை, அதாவது கிணறுகளை, மறுபடி தோண்டுகிறான். தோண்டி, தகப்பன் வைத்த பேர்களையே திரும்ப வைக்கிறான். (இந்த வசனத்தை நான் எத்தனை தடவை வாசித்திருக்கிறேன் என்று கணக்கில்லை.) அப்புறம் கேராரின் பள்ளத்தாக்கில் புதிதாக ஒன்று வெட்டினால், தண்ணீர் எங்களுடையது என்று அந்த ஊர் மேய்ப்பர் சண்டைக்கு வருகிறார்கள். அதற்கு ஏசேக்கு என்று பேர் வைக்கிறான், வாக்குவாதம். அடுத்ததற்கும் சண்டை. அதற்குச் சித்னா, பகை. சாத்தான் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். அங்கிருந்தும் பேர்ந்துபோய் மூன்றாவது வெட்டினான். யாரும் சண்டைக்கு வரவில்லை. அதன் பிறகுதான் ரெகொபோத் என்றான். வெட்டத் தொடங்கும்போதே கல்லில் எழுதி வைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரோடு வேலித் தகராறு இன்னும் ஓயவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாமே. அப்படியென்றால் நீ இப்போது இருப்பது ஏசேக்கில்தான். மாப்பிள்ளையிடமும் சொல், சிரிப்பார். இப்போதைக்குக் கதவு எண் போதும், தபால்காரருக்கு அதுதான் வேண்டும். அடுத்த கிறிஸ்மஸுக்கு நாங்கள் வரும்போது வேலி என்ன நிலைமையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பலகையில் நானே எழுதித் தருகிறேன். என் எழுத்து இன்னும் கோணவில்லை.

அம்மா கருப்பட்டியும் சுக்கும் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். அனுப்ப முடியுமா என்று விசாரித்துச் சொல்.

அப்பா