பட்டத்துக்குச் சம்பளமா, தேர்வுக்குச் சம்பளமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், எங்கள் பாலக்கோடு பக்கம் கல்லூரிக்காரர்கள் வேனில் வந்து நோட்டீஸ் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த வருடம் என் கைக்கு வந்த ஒன்றில் 'பி.ஏ. குற்றவியல்' (கிரிமினாலஜி, குற்றங்கள் ஏன் நடக்கின்றன என்று ஆராயும் படிப்பு) என்று போட்டு, காக்கி உடுப்பில் ஒரு பெண் சல்யூட் அடிக்கும் படம். கீழே கொட்டை எழுத்தில் 'ஆரம்பச் சம்பளம் ரூ.36,900'. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

36,900 என்பது எஸ்.ஐ. பதவியின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம். பொய்யில்லை. ஆனால் அது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் ஜெயித்தவருக்கு. அந்தத் தேர்வை பி.காம். படித்தவரும் எழுதலாம், தமிழ் இலக்கியம் படித்தவரும் எழுதலாம். எழுத்துத் தேர்வு தாண்டினால் உயரம் அளப்பார்கள்: பொதுவாக ஆணுக்கு 170 செ.மீ., பெண்ணுக்கு 159. எந்த டிகிரியும் அந்த டேப்பில் அரை செ.மீ. கூட்டித் தராது. காவலர் வேலைக்கோ பத்தாம் வகுப்பே போதும், 18,200-ல் ஆரம்பம். கைரேகைப் பிரிவு எஸ்.ஐ., தடய அறிவியல் ஆய்வகம் என்று போனால் அறிவியல் பட்டம் கேட்பார்கள். நோட்டீஸில் இதெல்லாம் எங்கே?

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு தக்காளி விவசாயி. மகளுக்கு இந்தப் படிப்புதான் வேண்டுமாம். வெளியூர் தனியார் கல்லூரி. ஃபீஸ், ஹாஸ்டல், மெஸ் சேர்த்து வருடம் ஒரு லட்சம். "லோன் கிடைக்கும்ணா. நாலு லட்சம் வரைக்கும் ஜாமீன் வேணாமாம். படிச்சு முடிச்சு ஒரு வருஷம் கழிச்சுக் கட்டினாப் போதுமாம்" என்றார். அதுவும் சரிதான். படிக்கும் மூன்று வருடம், பிறகு ஒரு வருடம் என்று கட்டாத அந்த நாலு வருடமும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வட்டி 10 சதவீதம் என்று வைத்து, அவர் வீட்டுத் திண்ணையில் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். முதல் லட்சத்துக்கு நாலு வருட வட்டி 40,000. இரண்டாவதற்கு 30,000. கடைசி லட்சத்துக்கு 20,000. கட்ட ஆரம்பிக்கும் நாளில் கடன் 3 லட்சத்து 90 ஆயிரம். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 6,470 ரூபாய், மொத்தம் 5.4 லட்சத்துக்கு மேல். தவணையை 15 வருடம் வரை நீட்டலாம். மாதத் தொகை குறையும், வட்டி ஏறும். வருட வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. ஆனால் அது தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு. பி.ஏ.வுக்குக் கிடைக்குமா என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன்.

இன்னொன்று. கல்விக்கடனில் அப்பாவும் கூட்டுக் கடன்தாரர். தவணை தவறினால் அவருடைய சிபில் ஸ்கோரும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) அடிபடும். தக்காளியை விலையில்லாமல் ரோட்டோரம் கொட்டுகிற மாதத்திலும் இ.எம்.ஐ. தேதி தள்ளிப்போகாது.

எனக்குத் தெரிந்து இதே படிப்பை முடித்த ஒரு பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். 12 மணி நேர ஷிஃப்ட், கைக்கு 17,000. வாடகை, சாப்பாடு போக அதில் 6,470 எடுத்து வைப்பது எப்படி என்று நோட்டீஸ் அடித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

படிப்பு மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜெயிலிலிருந்து வந்தவன் ஏன் மூணாம் மாசம் அதே கேஸில் வந்து நிற்கிறான் என்று எங்களுக்கு ஸ்டேஷனில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைப் படித்தவர்கள் சிறைக்கும் வேண்டும், குழந்தைகள் பாதுகாப்புக்கும் வேண்டும். இடங்கள்தான் சொற்பம், அதிலும் பல தொகுப்பூதியம். ஆசை இருப்பவர் தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டம் குறைந்த செலவில் முடித்துவிட்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திலோ நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ முதுகலை குற்றவியல் சேரலாமே. யு.ஜி.சி. நெட் தேர்விலும் குற்றவியல் ஒரு பாடம். கல்லூரியில் பாடம் நடத்தவும் வழி உண்டு.

அமெரிக்காவில் மத்திய அரசே 'காலேஜ் ஸ்கோர்கார்டு' என்று ஒரு இணையதளம் நடத்துகிறது. கல்லூரியையும் பாடத்தையும் தேடினால், படித்து முடித்தவர்களில் நடுவில் நிற்பவர் எவ்வளவு சம்பாதிக்கிறார், எவ்வளவு கடனோடு வெளியே வந்தார் என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். குற்றவியலும் அதில் இருக்கிறது. அங்கத்திய தொகை நமக்குப் பொருந்தாது, முறை பொருந்தும். இங்கே மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்காகக் கல்லூரிகள் வேலை கிடைத்தவர்களின் நடுமட்டச் சம்பளத்தைக் கொடுக்கின்றன. ஆனால் எல்லாப் பாடத்தையும் ஒன்றாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். பி.சி.ஏ. படித்தவர் சம்பளத்தில் குற்றவியல் படித்தவர் மறைந்துவிடுகிறார்.

பாடவாரியாக வெளியிடச் சொல்லி அரசு உத்தரவு போடட்டும். அதுவரை, பிளஸ் டூ முடித்தவர்களுக்காக நடத்தும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியில் முன்னோடி வங்கி (மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கி) அலுவலர் ஒருவரை மேஜை போட்டு உட்கார வைக்குமாறு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர் படிப்பின் பெயரையும் கடன் தொகையையும் சொன்னால், மாதத் தவணை இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அப்பா அம்மா கையில் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.