தம்பிக்கு, பிள்ளையின் தட்டிலிருந்து நீ எடுத்த அந்த வடையைப் பற்றி

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் திவசச் சாப்பாட்டில், உன் மகளின் தட்டிலிருந்த வடையை நீ எடுத்து உன் தட்டில் வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவளுடைய இரண்டாவது வடை. பெரியம்மா அப்போதுதான் "என்ன, பிள்ளை நல்லா மொத்திட்டாள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தார். நீ வாய் திறக்கவில்லை. வடை மட்டும் இடம் மாறியது. அதற்குப் பிறகு அவள் சோற்றைப் பிசைந்தாளே தவிர சாப்பிடவில்லை. கை கழுவப் போனவள் வர நேரமெடுத்தது. வந்தபோது சட்டையின் முன்பக்கத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வந்தாள்.

அன்றிரவு நீ கோல் எடுத்து முக்கால் மணித்தியாலம் கதைத்தாய். நான் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக வரும். உன்னிடம் கேட்டுத்தான் இதைப் பொதுவில் போடுகிறேன். வெள்ளவத்தையில் நீ இருக்கும் தொடர்மாடியிலேயே இதே கவலையோடு இன்னும் சில பெற்றோர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். உன் பெயரையோ பிள்ளையின் பெயரையோ எழுதவில்லை. அவள் நாளைக்கு வளர்ந்து இதை வாசித்தாலும் கூசக்கூடாது என்பதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தீபாவளிச் சட்டையின் சிப் பூட்டவில்லை என்றாய். ஒரு வருடத்தில் 6 கிலோ கூடிவிட்டது, வயிறும் இடுப்பும் பெருக்கிறது என்றாய். இந்த வெக்கையிலும் பெரிய ரீசேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிகிறாள், உடுப்பு மாற்றும்போது அறைக்கதவைப் பூட்டுகிறாள் என்றாய். கடைசியாகத்தான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அப்பாவுக்கு வந்தது இவளுக்கும் வந்திடுமோ?" என்று கேட்டாய்.

அப்போதுதான் எனக்கு அந்த வடை விளங்கியது. அப்பாவின் சீனி வருத்தம் பெருவிரலில் தொடங்கி எங்கே போய் முடிந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் காலுக்கு மாறி மாறி மருந்து கட்டியவர்கள் நாங்கள். பிள்ளையின் வயிற்றைப் பார்க்கும்போது உனக்கு அந்தக் கால் ஞாபகம் வருகிறது. எனக்கும் வந்தது, எட்டு வருடத்துக்கு முன், என் மகளுக்குப் பதினொரு வயதானபோது. நான் செய்ததை நீயும் செய்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் என்ன செய்தேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. பாடசாலைக் கலைவிழாப் படமொன்றில் அவள் மற்றப் பிள்ளைகளைவிடப் பருமனாகத் தெரிந்தாள். அடுத்த நாளே நிறை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். ஞாயிறு காலைகளில் அவளை அதில் ஏற்றி, எண்ணைக் கலண்டரில் எழுதினேன். இரவுச் சாப்பாட்டை இரண்டு கிறீம் கிறேக்கரும் ஒரு கப் பிளேன்ரீயும் ஆக்கினேன். மகனுக்குப் பிட்டும் கறியும் அதே மேசையில்தான். அவள் ஒருநாளும் சண்டை பிடிக்கவில்லை. நான் அதை ஒத்துழைப்பு என்று நினைத்தேன். சில மாதங்களில் அவளுடைய புத்தகப் பைக்குள், கொப்பிகளுக்கு நடுவில், பணிஸ் சுற்றிய கடதாசிகள் மடித்து மடித்து வைத்திருந்ததைக் கண்டேன். ஒரு காலை, பாடசாலை வானுக்கு நின்ற இடத்தில் மயங்கி விழுந்தாள்.

வைத்தியர் அவளிடம் "நேற்று என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். வைத்தியர் என்னைக் கொஞ்ச நேரம் வெளியில் இருக்கச் சொன்னார். அந்த வாங்கில் இருந்த நேரத்தை இப்போதும் என்னால் நினைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் அவள் 11 சென்ரிமீற்றர் உயர்ந்தாள். நான் பயந்த அந்த உடம்பு அப்படியே நீண்டு வேறோர் உடம்பாகிவிட்டது. ஆனால் பத்தொன்பது வயதிலும், யாராவது தன் தட்டைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறாள்.

அன்று அந்த வைத்தியர் சொன்னதையும், பிறகு நான் தேடி வாசித்ததையும் உனக்குச் சொல்கிறேன். பெண் பிள்ளைகளுக்குப் பருவ வளர்ச்சி 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையில் தொடங்குவது வழமை. முதல் அறிகுறி தெரிந்து ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வருடத்தில் மாதவிடாய் வரும். அதற்கு முன்னரே உயரம் பாய்ந்து கூடும் காலம் ஒன்று உண்டு. வருடத்துக்கு 5, 6 சென்ரிமீற்றர் வளர்ந்த பிள்ளை அந்த வேகமான வருடத்தில் 8 சென்ரிமீற்றர் அளவு வளரும். அந்தப் பாய்ச்சலுக்கு உடம்பு முன்கூட்டியே சேமிக்கிறது. சில பிள்ளைகளுக்கு அது வயிற்றில் தெரியும், சிலருக்கு இடுப்பிலும் தொடையிலும். இடுப்பு அகல்வது கொழுப்பால் மட்டும் இல்லை, எலும்பும் அகலுகிறது. கொழுப்பு இழையம் லெப்டின் என்றொரு ஹோர்மோனைச் சுரக்கிறது. சேமிப்புப் போதுமா என்று மூளை அறிவது அதைக் கொண்டுதான். போதாவிட்டால் பருவ வளர்ச்சியே தாமதமாகலாம். எலும்பும் அப்படித்தான்: வளர்ந்த ஒருவரின் எலும்பிலுள்ள கனியுப்பில் கால் பங்கு அளவு, உயரம் பாயும் அந்த இரண்டு வருடத்துக்குள் சேர்ந்துவிடுகிறது. நீ சோற்றைக் குறைக்க நினைக்கும் அதே வருடங்கள்தான் இவை. உயரமும் கூடவே ஏறுகிறது என்றால், ஒரு வருடத்தில் 6 கிலோ என்பது இந்த வயதில் அதிசயமே இல்லை.

எங்கள் சனத்தின் வழக்கத்தை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. "உடம்பு வைக்கிறாள், சோற்றைக் குறை" என்று சொல்கிற அதே வாய், அவள் பெரியபிள்ளையான மறுநாளே பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடு என்று வந்து நிற்கும். அம்மா இப்போதே சாமத்தியவீட்டுக்கு எந்த மண்டபம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பெரிதாகவும் வேண்டும், பெருக்கவும் கூடாது என்றால் அந்தப் பிள்ளை என்னதான் செய்யும்?

உன் பயம் வெறும் பயம் என்று நான் சொல்லவில்லை. தெற்காசியர்களுக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு வரும் வாய்ப்புக் கூட, அதிலும் எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. அதனால் பார்க்க வேண்டியதைச் சரியாகப் பார். போனில் உயரமும் நிறையும் போட்டுப் பார்க்கும் அந்த உடற்திணிவுச் சுட்டிக் (BMI) கணக்கை விட்டுவிடு. அது காட்டும் எல்லைகள் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகளுக்கு அந்த எண்ணை வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து, உலக சுகாதார ஸ்தாபனம் 2007இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபில்தான் குறிக்க வேண்டும். ஒரு நாளின் புள்ளியை வைத்து முடிவு சொல்ல முடியாது. நாலைந்து வருடக் கோடு எப்படிப் போகிறது, அண்மையில் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அவளுடைய கழுத்தின் பின்புறத்தை ஒருமுறை பார். கழுத்தும் கமக்கட்டும் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருந்தால் அது ஊத்தை இல்லை. எத்தனையோ வீடுகளில் அதைக் கடலைமாப் போட்டு, பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்க உரஞ்சுகிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாத பிள்ளைகளில் வருகிற அறிகுறி அது. அப்படி இருந்தாலோ, தாகமும் சலமும் வழமையைவிடக் கூடினாலோ, ஒவ்வொரு இரவும் பலமாகக் குறட்டை விட்டாலோ, நிறை ஏறியும் உயரம் அப்படியே நின்றாலோ காத்திருக்காதே. உங்கள் குடும்ப வைத்தியரிடம் காட்டு. தேவையென்றால் அவரே பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு எழுதித் தருவார். ஆனால் பிள்ளைக்கு முன்னால் "இவள் மொத்திட்டாள் டொக்டர்" என்று தொடங்காதே. "வளர்ச்சியைப் பார்க்க வந்தோம்" என்று சொன்னால் போதும்.

அவளுடைய தட்டில் கை வைக்காமல் நீ செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. போன வருடத்தை யோசித்துப் பார். புலமைப்பரிசில் பரீட்சை என்று பாடசாலை விட்டால் ரியூசன், சனிக்கிழமை ரியூசன், ஞாயிறு மாதிரி வினாத்தாள். வானுக்குள் ஒரு ரோல்ஸ், ஒரு மைலோ பக்கற். விளையாடின நாள் எத்தனை? ஐந்தாவது மாடியில், முற்றமில்லாத வீட்டில், பத்து வயதுப் பிள்ளையை ஒரு வருடம் கதிரையில் இருத்தி வைத்தோம். இப்போது அந்த உடம்பைப் பார்த்து அவளைக் குறை சொல்கிறோம். 5 முதல் 17 வயதுவரை ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. மரைன் டிரைவ் உனக்கு ஐந்து நிமிட நடை. பின்னேரத்தில் நீயும் அவளும் தெஹிவளைப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். "உடம்பு குறைய" என்று சொல்லாதே. கடலைப் பார்க்க, கதைக்கப் போங்கள். விகாரமகாதேவி பூங்காவில் சைக்கிள் ஓட விட்டாலும் சரி. இந்த வயதில் 9 மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரையும் வேண்டும். பதினொரு மணிவரை ரிவி ஓடும் வீட்டில் அது கிடைக்காது.

குளிர்பானத்தை வீட்டுக்குள் எடுக்காதே, உனக்கும் சேர்த்துத்தான். இலங்கையில் 2016 முதல் போத்தலில் சீனிக்கு நிறக்குறி இருக்கிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலென்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. செம்மஞ்சளைப் பார்த்து நம்பிவிடாதே. 10 கிராமும் செம்மஞ்சள்தான், அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தலில் எட்டுத் தேக்கரண்டிச் சீனிக்குக் குறையாது. மற்றபடி எங்கள் சாப்பாட்டில் பிழையில்லை. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, நெத்தலி, குரக்கன் பிட்டு எல்லாம் அவளுக்கு வேண்டியவைதான். எல்லாரும் ஒரே சாப்பாட்டை ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள், பசி தீரும்வரை அவள் சாப்பிடட்டும். 2016இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் பெற்றோருக்குச் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள், நிறையைப் பற்றிப் பேசாதீர்கள், கேலி செய்யாதீர்கள், சேர்ந்து சாப்பிடுங்கள். நிறையைக் குறைக்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள்தான் பின்னால் சாப்பாட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று கண்டுதான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். எனக்கு அதை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை.

கதவைப் பூட்டுவதைப் பற்றிக் கவலைப்படாதே. நீங்கள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகப் பழகுங்கள், அவளுடைய தம்பியையும் பழக்குங்கள். ரீசேட் விஷயம் வேறு. எட்டு வயதுக்குத் தைத்த உடுப்புகளை இன்னும் போட வைத்தால் அவள் எதற்குள் ஒளிவாள்? உள்ளாடையைப் பற்றியும் மாதவிடாயைப் பற்றியும் மச்சாள் இப்போதே அவளோடு இருந்து கதைக்கட்டும். மச்சாளுக்குக் கூச்சமாக இருந்தால் நான் கதைக்கிறேன், மாமி என்று என்னிடம் அவள் எதையும் கேட்பாள். நீயும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று வடையை எடுத்தது பிழை என்று தன் அப்பாவான உன் வாயால் அவள் கேட்க வேண்டும். நீளமாக விளக்கம் சொல்லாதே. "அன்றைக்கு அப்பா அப்படிச் செய்திருக்கக்கூடாதம்மா" என்று சொல்லிவிட்டு விடு.

பெரியம்மாவிடம் நான் கதைத்துவிட்டேன். அவருக்குக் கோபம்தான், இருக்கட்டும். அடுத்த முறை யார் என்ன சொன்னாலும், "வளர்கிற பிள்ளை, வளரட்டும்" என்று அவளுக்குக் கேட்கும்படி நீ சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறேன். அவளுக்கு விருப்பமென்றால் காலி வீதியில் போய் இரண்டு சட்டை எடுப்போம், வயதுக்கான அளவைப் பார்க்காமல் அவளுக்கு வசதியாக இருப்பதை. அதற்குள் நீ அவள் பிறந்தபோது தந்த அந்த ரோஸ் நிற வளர்ச்சிப் புத்தகத்தைத் தேடி வை. சிறு வயது நிறையெல்லாம் அதில் குறித்திருக்கும், வைத்தியருக்குக் காட்ட உதவும். அம்மாவின் அலுமாரியில், அப்பாவின் கிளினிக் கொப்பிகளுக்குக் கீழே இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா