கொக்கின் கால் நிறம் தெரிந்த கவிஞர்கள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கவிதைகள் அனைத்தையும் படித்தேன். எழுதியவர்களின் கவலை உண்மையானது. அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனாலும் படித்து முடித்தபோது வருத்தமே மிஞ்சியது. எந்தக் கவிதையிலும் மரத்துக்குப் பெயர் இல்லை, பறவைக்கு நிறம் இல்லை. பூமித்தாய் அழுகிறாள், ‘மனிதா, திருந்து’ என்ற அதட்டலோடு பெரும்பாலானவை முடிந்துவிடுகின்றன.

நான் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். கவிதைக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இயற்கையை உற்றுப் பார்ப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாடநூல்களுக்கு இணையாகச் சங்கப் பாடல்களுக்கும் பங்கு உண்டு. குறுந்தொகையில் கபிலர் பாடிய இருபத்தைந்தாம் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். களவில் கூடிய காதலன் கைவிட்டால் என்ன செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். அப்போது அங்கே வேறு யாரும் இல்லை, ஒரு குருகு, அதாவது கொக்கு மட்டும் நின்றது என்கிறாள். அந்தக் குருகைக் கபிலர் காட்டும் விதத்தைப் பாருங்கள்: ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகு.’ காலின் மெலிவும் பசுமையும் சொல்லியாயிற்று; நீர் தேங்கியதா ஓடுவதா என்பதும், பறவை எந்த மீனுக்காகக் காத்திருக்கிறது என்பதும் சொல்லியாயிற்று. கரையோரம் அசையாமல் நிற்கும் மடையான் என்ற கொக்கின் கால்களை அருகிலிருந்து பார்த்தவர்கள் அந்தப் பசுமையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இது காதல் பாட்டு. ஆனால் இன்றைய சூழல் நெருக்கடியைப் பேசுவதற்கு வேண்டிய சான்று முழுவதும் இதற்குள் இருக்கிறது. ஆரல், நீரின் அடியில் மணலிலும் சேற்றிலும் உடலைப் புதைத்து வாழும் மீன். ஆற்றிலிருந்து மணலை அள்ளிவிட்டால் அது எங்கே புதையும்? ஆரல் இல்லாத ஆற்றில் அந்தக் குருகு எதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்? இந்த ஒரு கேள்வியை எழுப்ப இன்றைய கவிஞர் ஒருவருக்கு ஆரலைத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ‘நதி அழுகிறது’ என்று எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

‘மனிதா’ என்று விளிப்பதில் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. மலையை உடைக்க உத்தரவு போட்டவரும், அந்தத் தூசியை மூச்சில் வாங்கி இருமுகிறவரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். எல்லாரும் குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை. கேரளத்தின் ‘சைலண்ட் வேலி’ எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் குந்தி ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டத் திட்டமிட்டபோது கேரளக் கவிஞர்கள் அப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசவில்லை. எந்த அணை, எந்த ஆறு, எந்தக் காடு என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு, அறிவியலாளர்களுடனும் ஆசிரியர்களுடனும் சேர்ந்து களத்தில் நின்றார்கள். மலையாளக் கவிஞர் சுகதகுமாரி மரத்தைப் போற்றி எழுதிய கவிதை போராட்டக் கூட்டங்களின் தொடக்கப் பாடலாகவே ஆனது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெடிப்பலா மரங்களை நம்பி வாழும் சிங்கவால் குரங்குகளுக்கு வீடு தங்கியது. கவிதை மட்டுமே அணையைத் தடுத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிக்கைகளைப் படிக்காத மக்களிடம் அந்தக் காட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கவிதைக்குப் பெரும்பங்கு உண்டு.

மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த கேத்தி ஜெட்னில்-கிஜினர் 2014 செப்டம்பரில் ஐ.நா. பருவநிலை உச்சி மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் ஒரு கவிதை வாசித்தார். தன் கைக்குழந்தையிடம் பேசுவதாக எழுதியது. கடல் ஏறிவந்து சீமைப்பலா மரங்களின் வேர்களை மெல்லும் என்று அதில் வருகிறது. கடல்மட்ட உயர்வு என்ற தொடரை நான் எத்தனையோ அறிக்கைகளில் படித்திருக்கிறேன். உப்பு நீர் வேரைத் தொடுவதை அந்த வரியில்தான் உணர்ந்தேன்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி எழுதிய கவிதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாலையை அகலப்படுத்த வெட்டிய ஒரு பூவரசைப் பற்றியது. சாய்ந்து கிடந்த கிளையில் தையல்சிட்டின் கூடு இருந்தது. அந்தச் சிட்டு இலையைப் பறிப்பதில்லை. கிளையிலேயே இருக்கும் இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் கோத்து, இலையை மடித்துத் தைக்கும். அதனால் கூடும் மரத்தோடு சேர்ந்து பச்சையாகவே இருக்கும். மரம் விழுந்த பிறகும் தைத்த இலை சிறிது நேரம் பச்சையாக இருந்ததையும், வெயில் ஏற ஏற அது சுருண்டு, தையல் பிரிந்ததையும் மட்டுமே அவள் எழுதியிருந்தாள். ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. வகுப்பில் அதை வாசித்தபோது பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, ‘வெட்டச் சொன்னது யார்?’ என்பது. அதட்டல் எதுவும் இல்லாமல் அந்தக் கேள்வி அவர்களிடமிருந்து தானாகவே வந்தது.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். சூழல் கவிதைகளை ஜூன் 5-க்கென்று ஒதுக்காமல் ஆண்டு முழுவதும் வெளியிடுங்கள். முடிந்தால் ஓர் ஏரியோ காடோ செய்தியாகும் நாளில், அந்தச் செய்திக்குப் பக்கத்திலேயே இடம் கொடுங்கள். அடுத்து, கவிதைகளைத் தேர்ந்தெடுக்கும்போது பறவைகளையோ செடிகொடிகளையோ அறிந்த ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். பூவின் நிறமோ குயில் கூவும் மாதமோ தவறியிருந்தால், அவர் கவிஞரிடம் சொல்லட்டும். கவிஞர் போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்தி எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை