மூன்று பர்னர் கேஸ் கிரில்லில் போதிய சூடு ஏறாதது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: 50 மில்லிபார் வாயு அழுத்தத்துக்கான ஜெட்டுடன் (பர்னருக்கு வாயு விடும் சிறு துளை முனை) விற்கப்பட்ட கிரில்லுக்கு ஜெட் மாற்றித் தரக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

மூடியைச் சாத்தி மூன்று பர்னரையும் முழுதாக எரியவிட்டால் 15 நிமிடத்தில் 300 டிகிரி செல்சியஸ் வரும் என்கிறது உங்கள் கையேடு. 25 நிமிடம் ஆகியும் 215-ஐத் தாண்டவில்லை. மூடியில் பதித்த மீட்டரை நம்பி இதைச் சொல்லவில்லை. கம்பி மட்டத்தில் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) வைத்துப் பார்த்த அளவு இது. இந்தச் சூட்டில் தந்தூரி மசாலா தடவிய கோழி கருகிச் சிவப்பதில்லை, தயிர்த் தண்ணீர் விட்டு அதிலேயே வேகிறது.

மூடியை அடிக்கடி திறக்கிறீர்களா, காற்று அடிக்கிறதா, பர்னரில் அடைப்பா என்று உங்கள் சேவை மையம் மாற்றி மாற்றிக் கேட்டது. சோதனை நடந்தது மூன்று பக்கமும் சுவருள்ள இடத்தில். மூடி திறக்கப்படவே இல்லை. பர்னர் குழாய்களைக் கழற்றிப் பார்த்தாயிற்று, சிலந்தி வலையோ துருவோ இல்லை. சிலிண்டர் முக்கால்வாசி நிறைந்திருந்தது, ஓஸ் புதிது.

காரணம் கிரில்லின் பின்பக்கத் தகட்டிலேயே பொறித்திருக்கிறது: 10.5 கிலோவாட், மணிக்கு 764 கிராம், 50 மில்லிபார். அது ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளின் எல்பிஜி அழுத்தம். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரின் ரெகுலேட்டர் தருவது சுமார் 30 மில்லிபார்தான். ஜெட் வழியாகப் போகும் வாயுவின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30-ஐ 50-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.775. அதாவது 10.5 கிலோவாட் கிரில் இங்கே 8.1 கிலோவாட்தான் தரும். கணக்கை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள்: மூன்று பர்னரும் முழுதாக ஒரு மணி நேரம் எரிந்த பின் சிலிண்டர் எடையில் குறைந்தது 590 கிராம். 764-ஐ 0.775-ஆல் பெருக்கினால் 592.

வந்த மெக்கானிக் சொன்ன வழிகள் இரண்டுமே ஆபத்தானவை. திருகி அழுத்தம் கூட்டும் ஹை பிரஷர் ரெகுலேட்டரில் எந்த இடத்தில் 50 மில்லிபார் என்று கண்ணால் தெரியாது. அதை மீறி அதிகம் கூடினால் சுடர் பர்னரை விட்டு எழும்பும், வால்வும் ஓஸும் அவ்வளவு உயர்ந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. ஜெட்டைத் துளையிட்டுப் பெரிதாக்குவது அதைவிட மோசம். இதில் இருப்பது 0.80 மில்லிமீட்டர் ஜெட். 30 மில்லிபாருக்கு அதே வாயு போக 0.91 வேண்டும். அந்த 0.11 மில்லிமீட்டரைக் கைத்துளையில் மூன்று ஜெட்டிலும் ஒரே மாதிரி யாரும் கொண்டுவர முடியாது. ஒரு பர்னர் மஞ்சளாக எரிந்து கரி படியும், இன்னொன்று சீறும்.

எனவே, 30 மில்லிபாருக்குத் தொழிற்சாலையில் செய்த மூன்று ஜெட்டுகளை இலவசமாக அனுப்பி, உங்கள் ஆளே பொருத்தி, சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்து, தகட்டையும் 30 மில்லிபார் என்று மாற்றித் தர வேண்டும். அப்படி ஒரு ஜெட் உங்களிடம் இல்லையென்றால் கிரில்லை எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இந்திய ரெகுலேட்டருக்குப் பொருந்தாத ஜெட்டோடு இந்தியாவில் விற்றதை “பயன்படுத்தும் முறையில் தவறு” என்று வாடிக்கையாளர் தலையில் கட்டுவது சரியல்ல.

15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பின்பக்கத் தகட்டின் படம், 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த வெப்ப அளவுகள், சிலிண்டர் எடைக் குறிப்பு