சனிக்கிழமை மருத்துவருக்காக ஒரு வேண்டுகோள்: இன்னும் தேவை 6,75,000 ரூபாய்

பேரன்புடையீர்,

வணக்கம். பென்னாகரம் வட்டாரத்துப் புற்றுநோயாளிகளைப் பார்க்கக் கதிர்வீச்சு மருத்துவர் ஒருவர் வாரந்தோறும் நம் ஊருக்கு வர இசைந்திருக்கிறார் என்ற நல்ல செய்தியைக் கார்த்திகை தீபத்தையொட்டிக் கூடிய கூட்டத்தில் தெரிவித்திருந்தோம். அவர் கேட்ட ஏற்பாடுகளுக்கு ஓராண்டுக்கு ஆகும் செலவு 15,12,000 ரூபாய். இதுவரை வந்து சேர்ந்திருப்பது 8,37,000 ரூபாய். மீதி 6,75,000 ரூபாயை ஜனவரி 10-ஆம் தேதிக்குள் திரட்டி அவருக்கு உறுதி சொல்லியாக வேண்டும். தவறினால் பொங்கலுக்குப் பிறகு அவருடைய சனிக்கிழமைகள் வேறோர் ஊருக்குப் போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சனிக்கிழமை ஏன் என்று பலர் கேட்டார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை, வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கில் நடப்பது. அந்த ஐந்து நாளும் மருத்துவர் கதிர்வீச்சு இயந்திரம் இருக்கும் இடத்தை விட்டு நகர முடியாது. மேலும், மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டுகள் இதற்கென்றே மேற்படிப்பு முடித்த ஒருவரை, இயந்திரமே இல்லாத ஊரில் வந்து குடியிருங்கள் என்று அழைப்பது, உலைக்களம் இல்லாத ஊருக்குக் கொல்லரைக் குடியேறக் கூப்பிடுவதற்குச் சமம். நாமும் அப்படித்தான் முதலில் அழைத்துப் பார்த்தோம். வீட்டு வாடகை தருகிறோம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் தருகிறோம் என்றெல்லாம் சொன்னோம். எல்லோரும் மரியாதையாகவே மறுத்தார்கள். சேலத்தில் பணிபுரியும், இந்த மாவட்டத்திலேயே பிறந்த ஒரு பெண் மருத்துவர் மட்டும், "குடிவர முடியாது, சனிக்கிழமை வருகிறேன்" என்றார்.

இயந்திரம் இல்லாத இடத்தில் கதிர்வீச்சு மருத்துவருக்கு என்ன வேலை என்ற கேள்வியும் எழுந்தது. கேள்வி நியாயமானதே. ஏரியூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் சென்ற ஆண்டு நம் இலவச மருந்தகத்துக்கு வந்தார். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக அவருக்கு 25 முறை கரண்டு (கதிர்வீச்சைத்தான் ஊரில் அப்படிச் சொல்கிறார்கள்) வைக்கச் சொல்லியிருந்தார்கள். துணிக்கடைப் பை ஒன்றில் ஸ்கேன் படங்களையும் ஓர் அட்டையையும் வைத்திருந்தார். அந்த அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டிய கட்டங்களில் பதினாறு நிரம்பியிருந்தன. ஒன்பது வெறுமையாக இருந்தன. கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட இடுப்பில் போட்ட மைக்கோடுகள் அழிந்துவிடக் கூடாது என்பதற்காக, சிகிச்சையை நிறுத்திய பிறகும் அவ்விடத்தில் சோப்புப் போடாமலே குளித்து வந்திருக்கிறார். அதாவது, திரும்பிப் போகும் எண்ணம் அவருக்கு இருந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, நிற்கவே தெம்பில்லை, தங்கும் செலவுக்கு வாங்கிய கடன் வட்டியோடு ஏறுகிறது, கடலைக்காய் பிடுங்க ஆளில்லை என்று வந்தவர், "இன்னும் கரண்டு வைத்தால் குடல் வெந்துவிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே நின்றுவிட்டார்.

அடிவயிற்றில் கதிர்வீச்சு பெறுவோருக்கு வயிற்றுப்போக்கு வருவது வழக்கமானது. மாத்திரையாலும் உணவு மாற்றத்தாலும் பெரும்பாலும் கட்டுக்குள் வருவது. ஆனால் இந்த நோய்க்கு வெளியிலிருந்து வைக்கும் கதிர்வீச்சும் உள்ளே வைக்கும் கதிர்வீச்சும் சேர்த்து மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும்; நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். இதை அவர் நம்பும்படி எடுத்துச் சொல்ல இங்கே ஒருவர் இல்லை. நாங்கள் வண்டி வைத்து அனுப்பினோம். மீதியை முடித்துவிட்டு வந்தார். இடையில் விழுந்த இடைவெளி என்ன செய்திருக்கிறது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்களாம்.

சிகிச்சை முடிந்தவர்களின் பாடு இன்னொன்று. மாதங்கள் கழித்து, சிலருக்கு ஆண்டுகள் கழித்துக்கூட, மலத்தில் இரத்தம் வரலாம். அது நோய் திரும்பியதா, கதிர்வீச்சின் பின்விளைவா என்று பிரித்தறிய அந்தத் துறை தெரிந்தவர் வேண்டும். வாய்ப்புற்றுக்குத் தாடையில் கதிர்வீச்சு பெற்றவர் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும். கேட்காமல் பிடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். நோய் எலும்பில் இறங்கி இரவெல்லாம் அலறுகிறவருக்கு ஒரே ஒரு முறை வைக்கும் கதிர்வீச்சுகூட வலியைக் குறைக்கும் என்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கட்டிலைத் திண்ணைக்கு மாற்றிவிடுகிறார்கள். சனிக்கிழமை மருத்துவரின் வேலை இவைதான்: யார், எப்போது, எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவது, போனவர் பாதியில் நிற்காமல் பார்த்துக்கொள்வது, திரும்பி வந்தவரைத் தொடர்ந்து கவனிப்பது.

ஊரிலேயே இயந்திரம் வாங்கிவிடலாமே என்று பெங்களூரிலிருந்து இரண்டு மூன்று அன்பர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய ஆர்வத்துக்கு நன்றி. அதன் விலை பல கோடி. கதிர் வெளியே கசியாதபடி அதற்குக் கட்டும் கான்கிரீட் சுவரின் கனத்தைக் கேட்டால் மேட்டூர் அணையைச் சேர்ந்த ஊர்க்காரர்களே மலைத்துப் போவார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். மருத்துவரோடு மருத்துவ இயற்பியலாளரும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும் பணியில் இருந்தால்தான் அந்த உரிமம் கிடைக்கும். நம் சக்திக்கு அது மீறியது. இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிட வேண்டுகிறோம்.

நோயோடு நடந்து நன்கொடை திரட்டிய ஒருவரின் மண் இது என்பதை இளையவர்கள் மறந்துவிடக் கூடாது. சுதந்திரப் போராட்டத்தில் வ.உ.சி.யோடு 1908-இல் சிறை புகுந்து, அங்கே தொழுநோய் வாய்க்கப்பெற்ற சுப்பிரமணிய சிவா, பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப ஆசைப்பட்டார். 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். தொழுநோயாளி ரயிலில் ஏறக் கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தபோது, கட்டுப்போட்ட கால்களோடு ஊர் ஊராக நடந்தும் கட்டை வண்டியில் அமர்ந்தும் அவர் நிதி கேட்டார். 1925 ஜூலை 23-ஆம் நாள் பாப்பாரப்பட்டியிலேயே உயிர் நீத்தார். எண்ணிய ஆலயத்தை அவர் கண்ணால் காணவில்லை. நம் பாட்டனார்கள் அவருக்குக் கேழ்வரகுக் கூழும் சில்லறைக் காசும் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். நீண்ட நாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த அதியமானின் தகடூரும் இதுதான். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது இருந்தவை 12 படுக்கைகள்தாம்; அதுவும் பொதுமக்களிடம் திரட்டிய நிதியிலிருந்து எழுந்ததே.

இனிச் செலவுக் கணக்கு. மருத்துவருக்கு ஒரு சனிக்கிழமைக்கு மதிப்பூதியம் 6,000, கார் வாடகை 3,500. ஐம்பது சனிக்கிழமைகளுக்கு 4,75,000 ரூபாய். "வந்து பார்த்துவிட்டுப் போவதோடு முடியுமானால் நான் வருவதில் பயனில்லை, மற்ற ஆறு நாளும் நோயாளியை விசாரிக்க ஒரு செவிலியர் வேண்டும்" என்பது அவர் விதித்த முதல் நிபந்தனை. செவிலியர் சம்பளம் மாதம் 22,000 வீதம் 2,64,000. அவர் வீடுவீடாகச் செல்லும் வண்டிக்கு 48,000. பரிசோதனை அறைக்கு மேசை, விளக்கு, மறைப்பு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஸ்கேன் படம் பார்க்கக் கணினி ஆகியவற்றுக்கு 2,85,000. மருந்துக்கும் புண்கட்டும் பொருள்களுக்கும் 1,20,000. தினமும் கதிர்வீச்சுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பயணத்துக்கும் தங்குவதற்கும் ஆளுக்கு 8,000 வீதம் நாற்பது பேருக்கு 3,20,000.

இந்தக் கடைசி இனத்தைக் குறைக்கலாமே என்று குழுவிலேயே பேச்சு வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைச் செலவு அடங்கிவிடுவது உண்மை. ரயிலில் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை இருப்பதும் உண்மை. ஆனால் பென்னாகரத்துக்கு ரயில் இல்லை. நாகமரையிலிருந்து படகேறிப் பண்ணவாடிக்குப் போய்ப் பேருந்து பிடிக்கிற குடும்பத்துக்கு, ஐந்து வாரம் இழந்த கூலியை எந்தத் திட்டமும் தருவதில்லை. சில நிமிடங்களில் முடிகிற சிகிச்சைக்காக நாள் முழுவதும் போகிறது. ஆகவே அந்தத் தொகையைக் குறைக்க மாட்டோம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். பழைய சத்திரத்தை மருந்தகமாக நடத்த வாடகையின்றி விட்டுக்கொடுத்த குடும்பத்தாருக்கும், ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே உறையில் போட்டுக் கொண்டுவந்து வைத்த ஆசிரியர் ஐயாவுக்கும், வாரச் சீட்டுப் பணத்திலிருந்து 51,000 ரூபாய் ஒதுக்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும், ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் ஒரு நாள் வரும்படியை எண்ணிக்கூடப் பார்க்காமல் துண்டில் முடிந்து கொடுத்த ஒகேனக்கல் பரிசல் ஓட்டிகளுக்கும், பெங்களூரில் கட்டட வேலை செய்துகொண்டே ஆளுக்கு 501 ரூபாய் சேர்த்து அனுப்பிய ஏரியூர்த் தம்பிகளுக்கும், உண்டியலை உடைத்துக் கொடுத்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் எங்கள் தலை தாழ்ந்த வணக்கம். உங்கள் பிள்ளைகுட்டிகளுக்கு நோய் நொடி அண்டாதிருக்க அந்தக் காவிரித்தாய் காக்கட்டும். கணவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஓர் அம்மா, அவருடைய முதலாண்டுத் திதிக்கு வைத்திருந்த 10,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, ரசீதில் அவர் பெயரை எழுதச் சொன்னார். அந்த ரசீதை எழுதியவர் எங்கள் பொருளாளர். கண்டிப்புக்குப் பெயர்போன அவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

கூட்டத்தில் எழுந்து நின்று அறிவித்த தொகைகளில் 1,40,000 ரூபாய் இன்னும் வரவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுவது எங்கள் கடமை. கும்பாபிஷேகக் கல்வெட்டில் முதல் வரியில் பெயர் வர வேண்டும் என்று முந்திய கைகள் இப்போது ஏன் பின்வாங்குகின்றன என்று தெரியவில்லை. கோயிலுக்குக் கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. அம்மன் பண்டிகைக்கு நாங்களும்தான் கொடுக்கிறோம். ஆனால் ஒரு திருமணத்துக்கு எழுதுகிற மொய் அளவாவது இதற்கும் எழுதலாம். வராத தொகைகளைப் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று சிலர் வற்புறுத்தினார்கள். நாங்கள் தடுத்து வைத்திருக்கிறோம். ஜனவரி 10-க்குப் பிறகும் தடுக்க முடியும் என்று உறுதி கூற இயலாது.

நன்கொடையை மருந்தகத்தில் காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை பொருளாளரிடம் செலுத்தி, வரிசை எண்ணிட்ட ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம், எங்களில் ஒருவரே வந்து கேட்டாலும் சரி. வருமான வரியில் 80ஜி விலக்குக்கு விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால், இந்த ஆண்டுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். வரவு செலவு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று பலகையில் ஒட்டப்படும். குறித்த நாளுக்குள் தொகை சேராமல் மருத்துவர் வர இயலாது போனால், பணமாகக் கொடுத்தவர்களுக்குத் தை மாதம் முடிவதற்குள் ரசீதைப் பார்த்துத் திருப்பித் தரப்படும்.

இங்ஙனம்,
குழுவினர், பென்னாகரம்