எம்ஜிபியா, டிஆர்6ஆ?

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். இனி கார் விஷயம். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் எம்ஜிபி வாங்குவதா, டிரையம்ப் டிஆர்6 வாங்குவதா என்று கேட்டிருந்தாய்.

ஓட்டிப் பார்த்தால் டிரையம்ப் டிஆர்6தான் மனதைப் பிடிக்கும். 2498 சிசி, ஆறு சிலிண்டர், பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். 60 மைல் வேகத்தைத் தொட எட்டரை வினாடி போதும். 120 வரை போகும். எம்ஜிபியின் 1798 சிசி நாலு சிலிண்டருக்கு அதே 60-ஐத் தொட 12 வினாடி ஆகும், 105-க்கு மேல் எதிர்பார்க்காதே. ஆனால் வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு எடுத்துப் போவேன், ஸ்பேனரும் நானே பிடிப்பேன் என்கிறாயே, அதற்கு எம்ஜிபிதான் சரி.

டிஆர்6-இன் பழைய லூகாஸ் பம்ப் சுமார் 105 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ள வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைந்து, வெயிலும் சேர்ந்தால் பம்ப் சூடேறும், உள்ளே ஆவி கட்டும், வண்டி இழுக்காது. அதனால்தான் பலர் அதைக் கழற்றிவிட்டு பாஷ் பம்ப் போடுகிறார்கள். எம்ஜிபியில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் இரண்டு எஸ்யு கார்புரேட்டர்தான். இன்ஜின் சூடான பிறகு ஒன்றின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார். சத்தம் சட்டென ஏறி உடனே இறங்கினால் கலவை சரி. ஏறியது ஏறியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் திணறி அணையப் பார்த்தால் குறைவு. பழைய மாடலில் கீழே உள்ள நட்டை ஒரு முகம் (ஆறில் ஒரு சுற்று) திருப்பிவிட்டு மறுபடி பார், அவ்வளவுதான்.

ஒரு வேலையில் மட்டும் எம்ஜிபி படுத்தும். கிளட்ச் மாற்ற இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். டிஆர்6-இல் உள்ளே நடுவில் இருக்கும் டனல் மூடியைக் கழற்றி, கியர் பாக்ஸை சீட் பக்கமாகவே தூக்கிவிடலாம்.

எதை வாங்கினாலும் பெயின்டைப் பார்த்து மயங்காதே, துருவைப் பார். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது; கதவுக்கு அடியில் ஓடும் சில் பெட்டிதான் வண்டியையே தாங்குகிறது. திறந்த மாடல் என்றால், ஜாக் வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடு. இடைவெளி சுருங்கிக் கதவு பிடித்தால் சில் போய்விட்டது என்று அர்த்தம். துருவின் மேல் புட்டி பூசி மறைத்திருப்பார்கள், ஒரு காந்தத்தையும் எடுத்துக்கொண்டு போ; புட்டியில் அது ஒட்டாது. டிஆர்6-இல் தனி சேஸிஸ் உண்டு. பின்பக்கம் டிரெய்லிங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) பிடிக்கும் இடமும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் முன் வலது மவுண்டும் விரிசல் விடும். கிளட்சை விடும்போது பின்னால் 'டொக்' என்று கேட்டால் அங்கே டார்ச் அடித்துப் பார். இன்னொருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, இன்ஜின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியைக் கவனி. கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது; அப்படியே ஓட்டினால் வாஷர் கழன்று விழுந்து பிளாக்கே பாழாகும்.

எம்ஜிபியில் ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ளதாகத் தேடு, இல்லாவிட்டால் மோட்டார்வேயில் இன்ஜின் கத்தித் தீர்க்கும். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது வண்டி உயரத்தையும் கூட்டிவிட்டார்கள், வளைவில் சாயும். அதனால் குரோம் பம்பர் வண்டியே நல்லது. இரண்டுக்குமே ஈ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்த) பெட்ரோல் வேண்டாம், பழைய ரப்பர் ஹோஸை எத்தனால் அரித்துவிடும், எத்தனால் குறைவான ஈ5 போடு.

இத்தனைக்கும் பிறகு டிஆர்6-தான் வேண்டும் என்றால், படம் அனுப்பும்போது கமிஷன் நம்பர் (தொழிற்சாலை தந்த வண்டி எண்) தகட்டையும் எடுத்து அனுப்பு. சிபி (CP) என்று தொடங்கினால் 150 குதிரைத்திறன் மாடல், சிஆர் (CR) என்றால் 125. சிசி (CC), சிஎஃப் (CF) என்றால் அமெரிக்காவுக்குப் போன கார்புரேட்டர் வண்டி; அதற்கு இன்ஜெக்‌ஷன் வண்டியின் விலை கொடுக்காதே.

அன்புடன்,
ரகு