கன்றுகளைப் பிரிக்காமல் காத்திருந்தவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். எங்கள் இசைத்தட்டு ஒருவழியாக அச்சாகி வந்துவிட்டது. என் வீட்டுக் கூடத்தில் அட்டைப் பெட்டிகள் இடுப்பளவு நிற்கின்றன. தட்டின் உறையில் நன்றி சொல்ல எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு தீப்பெட்டி அளவு. பொடி எழுத்தில் பெயர்களைப் போட்டோம். யார் என்ன செய்தார்கள் என்று சொல்ல இடமில்லை. குழுவில் மற்ற நால்வரும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டு, "உன் ஆட்களுக்கு நீயே எழுது" என்று இதை என் தலையில் கட்டினார்கள். அதுவும் சரிதான். முன்பணம் அனுப்பியவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர்.

தெரியாதவர்களுக்காக: நாங்கள் ஐந்து பேர். அயர்லாந்தின் மேற்கே, கிளேர் கவுண்டியில் எனிஸ் என்ற ஊர். பிடில், மரப் புல்லாங்குழல், கான்சர்டினா (இரண்டு கையிலும் பிடித்து வாசிக்கும் சின்னத் துருத்திப் பெட்டி), பூஸூக்கி (நீளக் கழுத்துள்ள தந்தி வாத்தியம்), அப்புறம் நான். நான் வாசிப்பது பவுரான். மரவளையத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டியது. நம்ம கஞ்சிராவுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் பெரும்பாலும் அயர்லாந்து மெட்டுகள், கொஞ்சம் ஸ்ட்ராத்ஸ்பே என்ற ஸ்காட்லாந்து நடன மெட்டு, பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலிருந்து ஒரு நடன மெட்டு, நாங்களே கட்டியவை நான்கு. உறையில் 'கெல்டிக்' என்று போட்டிருக்கிறோம். இங்கே வாசிப்பவர்கள் அந்தச் சொல்லை அதிகம் சொல்வதில்லை, 'ட்ராட்' என்பார்கள், மரபிசை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஆனால் மூன்று நாட்டு மெட்டையும் ஒரே உறையில் போட வேறு சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முதல் நன்றி, எங்களுக்கு உதவி செய்ததாகவே சொல்லிக்கொள்ளாத ஒரு விவசாயிக்கு.

2024 அக்டோபரில் ஒலிப்பதிவுக்காக ஒரு கிராமத்துப் பொதுமண்டபத்தை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுத்தோம். நடனத்துக்காகப் போட்ட பழைய பலகைத் தரை, நல்ல எதிரொலி. எதிர்ப்புறம் மாட்டுப் பண்ணை. மூன்று நாளும் அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. நல்ல ஊர், அமைதியான ஊர் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டோம். மறந்துபோன ஒரு மைக் ஸ்டாண்டை எடுக்க அடுத்த வாரம் நானும் பிடில்காரரும் போனோம். வண்டிக் கதவைத் திறந்ததுமே காது அடைத்தது. பள்ளத்தாக்கு முழுக்க மாடுகள் கதறுகின்றன. இலையுதிர் காலத்தில்தான் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிப்பார்களாம். மூன்று நான்கு நாள், இரவும் பகலும், தாய் ஒரு பக்கம் கன்று ஒரு பக்கம் கத்தித் தீர்க்கும். எங்களுக்காகவே அவர் ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தார். அதை அவர் சொல்லவில்லை, அவர் மனைவி சொன்னார். அவரிடம் போய் நன்றி சொன்னால், "மழைதானே, எப்படியும் தள்ளித்தான் போயிருக்கும்" என்று கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அந்த மூன்று நாளும் ஒரு துளி மழை இல்லை.

அன்று இரவே பிடில்காரர் அதை ஒரு ஜிக்காக, அதாவது மும்மூன்றாகத் துள்ளும் நடன மெட்டாக, கட்டிவிட்டார். தட்டில் கடைசியாக வருவது அதுதான். அதை ஒலிப்பதிவு செய்ய நாங்கள் குறித்த நாள் 2025 ஜனவரி 24. அன்றுதான் 'ஏயோவின்' என்ற புயல் வந்தது. நாடு முழுக்க 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. எங்கள் தெருவும் இருட்டு. பக்கத்து வீட்டுத் தாத்தா தன் ஜெனரேட்டரிலிருந்து சுவரைத் தாண்டி எங்களுக்கு ஒரு ஒயர் இழுத்துவிட்டார். பிரிட்ஜுக்கு என்று கொடுத்தார்; நாங்கள் முதலில் செருகியது பதிவுகள் இருந்த மடிக்கணினியை. இப்போது சொல்லிவிடுகிறேன், மன்னித்துவிடுங்கள் தாத்தா. அந்த ஜிக்கைப் பிப்ரவரியில் என் சமையலறையில் வைத்துப் பதிவு செய்தோம்.

அடுத்து, தன் அப்பாவின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகாட்டிய அந்தப் பாட்டிக்கு. எண்பது தாண்டியவர். அப்பா கான்சர்டினா வாசித்தவர். பழுப்புத்தாள் அட்டை போட்ட நோட்டு, பக்கத்தைப் புரட்டினால் கரிப்புகை வாசம். உள்ளே ஐந்து கோடு, புள்ளி எதுவும் கிடையாது. வெறும் எழுத்துகள், நாம் ஸரிகம எழுதிவைப்போமே அதே மாதிரி. நோட்டு சமையலறையைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது நிபந்தனை. மேசையிலேயே உட்கார்ந்து பிரதி எடுத்தோம். எங்கள் கான்சர்டினாக்காரி எழுதியதை எழுதியபடி வாசித்ததும் பாட்டி கையை நீட்டி நிறுத்தினார். "அப்பா இப்படி வாசிக்கமாட்டார்" என்று சொல்லி, மெட்டை வாயாலேயே பாடிக்காட்டினார். இங்கே அதை லில்டிங் என்பார்கள்: அர்த்தமில்லாத சொற்கட்டு, ஆனால் எங்கே அழுத்தம், எங்கே உருட்டல் என்பது அதில்தான் இருக்கிறது. எனக்குப் புதுக்கோட்டையில் தாளம் சொல்லிக்கொடுத்த என் வாத்தியார் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. தட்டில் ஐந்தாவதாக வரும் மெட்டு அவர் பாடியபடிதான் இருக்கிறது, நோட்டில் உள்ளபடி இல்லை.

பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட இன்னொருவர், எங்களைப் பெரிய அசிங்கத்திலிருந்து காப்பாற்றியவர். அச்சுக்குப் போக ஒரே வாரம். எல்லோரும் கூடி வாசிக்கும் செவ்வாய்க்கிழமை செஷனில் உறையின் மாதிரியைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, ரீல் என்ற வகை நடன மெட்டு ஒன்றின் பெயர் மேல் விரலை வைத்தார். "மரபு என்று போட்டிருக்கிறாய். இதைக் கட்டியவர் ஒரு பிளம்பர் தெரியுமா?" எட் ரீவி. 1898இல் கேவன் கவுண்டியில் பிறந்து, 1912இல் அமெரிக்கா போய், பிலடெல்பியாவில் குழாய் வேலை பார்த்துக்கொண்டே மெட்டுகளாகக் கட்டித் தள்ளியவர். 1988 வரை இருந்தார். அவர் மெட்டுகள் ஊர் ஊராகப் பரவி, கட்டியவர் யார் என்றே தெரியாமல் எல்லோரும் வாசிக்கிறார்கள். வாசிப்பது தப்பில்லை. ஆனால் தட்டில் 'மரபு' என்று போட்டால் அவர் பெயரும் போய்விடும், உரியவர்களுக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகையும் போய்விடும். நாங்களே கட்டிய நான்குக்கு மட்டும் எங்கள் பெயரைக் கவனமாகப் போட்டிருந்தோம் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அதற்கப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளே டப்ளினுக்கு ரயிலேறினேன். மெரியன் சதுக்கத்தில் ஐரிஷ் மரபிசைக் காப்பகம் இருக்கிறது, 1987இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உள்ளே போய்ப் பார்க்கலாம், கேட்கலாம். நான் அலைபேசியில் பதிந்து கொண்டுபோன மெட்டுகளை அங்கிருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒரு மெட்டுக்கு ஐந்து பெயர் இருக்கும், ஒரே பெயரில் மூன்று மெட்டு இருக்கும். இந்தக் குழப்பத்தில் நாள் முழுக்க என்னோடு நின்றார்கள். எனக்குச் சந்தேகமாக இருந்த ஒன்று, பிரான்சிஸ் ஓ நீலின் 1903 தொகுப்பில் வேறு பெயரில் இருந்தது. அந்த மனிதர் சிகாகோவில் போலீஸ் தலைவராக இருந்தவர். 1,850 மெட்டுகளைத் திரட்டி ஒரே புத்தகமாகப் போட்டார். ஆக, அது பழைய மெட்டுதான். மூச்சு வந்தது.

ஒலிப்பதிவாளருக்குச் சொல்ல வேண்டிய நன்றியில் பாதி மன்னிப்பு. மண்டபத்தில் விறகடுப்பு. அது எரிய எரிய என் பவுரானின் தோல் முறுக்கேறிச் சுருதி கூடும். ஜன்னலைத் திறந்தால் ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். கஞ்சிராவுக்குத் தடவுவதுபோல உள்பக்கம் கட்டைவிரலால் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு டேக்கில் இருந்த ஒலி அடுத்ததில் இல்லை. அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரையும் கோட்டோடு உட்கார வைத்தார்.

பிடில்காரருக்குத் தனியாக ஒன்று. ஸ்லிப் ஜிக் என்பது ஒன்பது எண்ணிக்கை. முதன்முதலில் கேட்டபோது, ஒன்பது என்றதும் நான் நம்ம தாளக் கணக்கில் நான்கும் ஐந்துமாக வரும் சங்கீர்ணத்தைப் போட்டுத் தாக்கினேன். நான்கு பேரும் நான்கு திசையில் போனார்கள். அவர் வில்லைக் கீழே வைத்துவிட்டு, "மூன்று மூன்றாக மூன்று. கணக்குப் போடாதே" என்றார். தகிட தகிட தகிட, அவ்வளவுதான். பல வருஷமாக என்னைத் திருத்திக்கொண்டிருக்கிறார்.

மூன்று நாளும் லிமரிக்கிலிருந்து புளியோதரையும் தயிர்சாதமும் கொண்டுவந்த தங்கைக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் நன்றி. ஊறுகாயைப் புல்லாங்குழல்காரரிடம் கொடுத்தது மட்டும் பெரிய தப்பு. உதடு எரிந்து ஒரு மணி நேரம் அவரால் ஊத முடியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் பூஸூக்கியும் நானும் மட்டும் வாசித்த மூன்றாவது பாட்டு பிறந்தது.

புதுக்கோட்டை வாத்தியாருக்குத் தட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் நல்லாயிருக்கு, தீர்மானம் எங்கேடா?" ஐயா, இங்கே மூன்று முறை அடித்து முடிக்கும் தீர்மானம் வைத்தால் எழுந்து போய்விடுவார்கள். மெட்டு மூன்று சுற்று வந்ததும் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். அந்த நிறுத்தம் சரியாக விழுந்திருந்தால் அது நீங்கள் அடித்துச் சொல்லிக்கொடுத்த கணக்கு.

தட்டு வேண்டியவர்கள் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். எனிஸ் பக்கம் வந்தால் செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரைக்குமேல் செஷனுக்கு வாருங்கள். என்ன வாத்தியம் வேண்டுமானாலும் கொண்டுவரலாம், பவுரானைத் தவிர. இரண்டாவது பவுரான் உள்ளே வந்தால் இங்கே முகம் மாறிவிடும். முதலாவதையே இப்போதுதான் பொறுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள்.

அன்புடன்,
பவுரான்காரன்
எனிஸ், கிளேர் கவுண்டி